கடல் சேற்றில் உள்ள காலக்கணக்கு



மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, இன்று உறவினர் வீடுகளிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் புதிய குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்கள் கூடுமிடத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகின்றது. "சாமி, அந்தக் காலத்தில் மழைக்கு ஒரு கணக்கு இருந்தது. இப்போது அது ஏன் தப்பிப் போனது?" என்பதே அது.

"காலநிலை என்றைக்கும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இது இயற்கையின் சுழற்சி. யாராலும் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் பதில் சொல்கிறார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு நியாயத்தையும் மறுத்துவிட முடியும். "எல்லாம் இயற்கை" என்றால் பொறுப்பாளி எவரும் இல்லை. பொறுப்பாளி இல்லை என்றால் பாதுகாப்பான காணி கேட்கும் உங்கள் உரிமையும் வெறும் தருமம் கேட்பதாகிவிடும். ஆகவே அந்தச் சுழற்சி என்ன, அதை மனிதர் எப்படிக் கண்டுபிடித்தனர், இன்று நாம் காண்பது அதுதானா என்பவற்றை நாமே விளங்கிக்கொள்வது நல்லது.

நம் மலைக்கு வரும் மழை கடலிலிருந்து எழும் நீராவியே. கடல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே காற்று சுமந்துவரும் நீரின் அளவு அமைகிறது. எனவே மழையின் பழைய வரலாற்றை அறிய விரும்புபவர் முதலில் கடலின் பழைய வெப்பத்தை அறிய வேண்டும்.

மாணிக்கக் குழியில் கிடைத்த சிங்கப் பல்

காலநிலை மாறியது என்பதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. குருவிட்டவிலும் இரத்தினபுரியைச் சுற்றிலும் மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் 'இல்லம்' என்று சொல்லும் சரளைப் படையை அடையும்போது, சில வேளைகளில் கல்லாய்ப் போன எலும்புகளும் பற்களும் கிடைப்பதுண்டு. நீர்யானை, காண்டாமிருகம் போன்ற, இன்று இலங்கையில் இல்லாத விலங்குகளின் எச்சங்கள் அவற்றில் உள்ளன. குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இங்கே ஒரு காலத்தில் சிங்கமும் வாழ்ந்தது என்று பீ.ஈ.பீ. தெரணியகல 1939ஆம் ஆண்டில் எழுதினார். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கியவர் அவர். சிங்கம் அடர்ந்த மழைக்காட்டு விலங்கல்ல. திறந்த வெளிகளில் வாழ்வது. ஆகவே இந்த மண் எப்போதும் இன்றுபோல் இருந்ததில்லை.

ஆனால் குழியில் கிடைக்கும் எலும்பை வைத்து ஆண்டுக் கணக்குப் போடுவது கடினம். ஆறு பெருகும்போது சரளையைப் புரட்டுகிறது. வெவ்வேறு காலத்து எலும்புகள் ஒரே படையில் கலந்துவிடுகின்றன. தாள்கள் கிழிந்து கலைந்துபோன புத்தகத்தைப் போன்றது அது. தாள் கலையாத ஒரு புத்தகம் வேண்டும். அது ஆழ்கடலின் அடியில் இருக்கிறது.

கடலடியில் கலையாத புத்தகம்

கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுள் பொரமினிபெரா என்னும் இனம், மணலைவிடச் சிறிய சுண்ணாம்பு ஓடு ஒன்றைத் தனக்குக் கட்டிக்கொள்கிறது. உயிர் போனதும் ஓடு மெல்ல மெல்ல அடியில் போய்ப் படிகிறது. ஆழ்கடலில் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகளில் சேரும் சேறு சில சென்ரிமீற்றர் மாத்திரமே. அங்கே ஆற்று வெள்ளம் கிடையாது, மண்வெட்டி கிடையாது. பழையது கீழே, புதியது மேலே என்ற ஒழுங்கு பெரும்பாலும் குலைவதில்லை.

ஆராய்ச்சிக் கப்பல்கள் நீண்ட குழாயை இறக்கி அந்தச் சேற்றை உருளை வடிவில் வெட்டி எடுக்கின்றன. ஒரு சாண் நீளச் சேற்றில் பல ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கும்.

அந்தச் சிறு ஓட்டிலிருந்து வெப்பநிலையை எப்படி அறிவது? இரண்டு வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது ஒட்சிசன் கணக்கு. நீரில் உள்ள ஒட்சிசனில் பாரம் குறைந்த வகையும் பாரம் கூடிய வகையும் உண்டு. மாணிக்கக் கூடையை நீரில் சுழற்றும்போது பாரமற்ற மணல் ஓடிவிட, பாரமான கற்கள் அடியில் தங்குகின்றன அல்லவா? அதுபோலவே, கடல் ஆவியாகும்போது பாரம் குறைந்த வகை எளிதாக மேலெழுகிறது. பனியுக காலத்தில் அந்த நீர் கடலுக்குத் திரும்பாமல் துருவ நாடுகளில் மலைமலையாகப் பனிக்கட்டியாக உறைந்துவிட்டது. கடலில் பாரம் கூடிய வகை மிகுந்தது. அந்தக் கடல் நீரில் கட்டிய ஓட்டிலும் அது மிகுந்தது. நீரின் வெப்பமும் இந்த அளவை மாற்றுகிறது. ஆகவே ஒட்சிசன் கணக்கு ஒன்றில் பனிக்கட்டியின் அளவும் கடலின் சூடும் கலந்தே வருகின்றன. 1955இல் சேசரே எமிலியானி இந்த முறையைக் கடற்சேற்றில் பயன்படுத்தி வழிகாட்டினார். அதில் பெரும் பங்கு பனிக்கட்டியையே குறிக்கிறது என்பதை 1967இல் நிக்கலஸ் ஷெக்கிள்டன் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது மகனீசியக் கணக்கு. சூடான நீரில் வாழும் பொரமினிபெரா, தன் ஓட்டில் கல்சியத்தோடு சற்றுக் கூடுதலான மகனீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இந்த விகிதம் முக்கியமாகச் சூட்டையே காட்டுவதால், ஒட்சிசன் கணக்கில் கலந்திருந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடிந்தது.

வெப்ப வலயக் கடல்கள் பனியுகத்தில் அதிகம் மாறவில்லை என்றே 1970களில் நடந்த பெரிய ஆய்வுகள் கருதின. பின்னர் வந்த முறைகள் அதைத் திருத்தின. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, வெப்ப வலயக் கடல்களின் மேற்பரப்பு இன்றைவிட ஏறத்தாழ 2 முதல் 4 பாகை வரை குளிர்ந்திருந்தது. கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்குநீரிணை அப்போது தரையாக இருந்தது. மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

பூமியின் மூன்று அசைவுகள்

இந்தக் குளிரும் சூடும் ஏன் மாறி மாறி வந்தன? விடை வானத்தில் இருந்தது. பூமியின் பயணத்தில் மெதுவான மூன்று மாற்றங்கள் உண்டு.

ஒன்று, சூரியனைச் சுற்றும் பாதை. அது சில காலம் ஏறக்குறைய வட்டமாகவும் சில காலம் சற்றே நீண்டும் மாறுகிறது. இதற்கு ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகள்.

இரண்டு, பூமியின் சாய்வு. இன்று அது 23.4 பாகை. 22.1க்கும் 24.5க்கும் இடையே ஏறி இறங்குகிறது. இதற்கு 41,000 ஆண்டுகள்.

மூன்று, தள்ளாட்டம். பிள்ளைகள் விடும் பம்பரம் ஓயப்போகும்போது தலையைச் சுழற்றி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியும் அப்படி ஆடுகிறது. அதனால் பூமி சூரியனுக்கு மிக அருகே வரும் மாதம் மெல்ல மாறுகிறது. இன்று அது சனவரி முற்பகுதியில் வருகிறது; அப்போது தூரம் ஏறத்தாழ 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர். யூலை முற்பகுதியில் 15 கோடி 21 இலட்சம். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் இது தலைகீழாக இருந்தது. யூன், யூலையில்தான் பூமி சூரியனுக்கு அருகே இருந்தது. இந்தச் சுற்று முழுமையடைய ஏறத்தாழ 23,000 ஆண்டுகள். பருவக்காற்று நாடுகளான நமக்கு மிகவும் முக்கியமான அசைவு இதுவே.

இதைக் கணக்கிட்டவர்களின் வாழ்க்கையும் அறியத்தக்கது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குரோல் வறுமையினால் படிப்பை இடையில் விட்டவர். கிளாஸ்கோ நகரில் ஒரு கல்லூரி நூதனசாலையின் காவலாளியாக இருந்துகொண்டு, அங்கிருந்த நூல்களைப் படித்தே 1864 முதல் இந்த விடயம் பற்றி எழுதினார். சேர்பியரான மிலுட்டின் மிலன்கோவிச் 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது கைதியாகப் பிடிக்கப்பட்டார். பின்பு புடாபெஸ்ட் நகருக்குள் தங்க அனுமதிக்கப்பட்டு, அங்கே நூலகத்தில் அமர்ந்து கணக்கைத் தொடர்ந்தார். சொந்த ஊரை விட்டு அகன்றிருந்த அந்த ஆண்டுகளில் உருவான வேலைதான் 1920இல் நூலாக வெளிவந்தது.

இந்து சமுத்திரம் தந்த சான்று

கணக்கு சரிதானா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. அதைத் தீர்க்க உதவியது நம் சமுத்திரமே. இந்து சமுத்திரத்தின் தென்பகுதியில் எடுத்த இரண்டு சேற்று உருளைகளைக் கொண்டு ஜேம்ஸ் ஹேய்ஸ், ஜோன் இம்பிரி, ஷெக்கிள்டன் ஆகிய மூவரும் 4,50,000 ஆண்டுகளின் வரலாற்றை வாசித்தனர். 1976இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், மிலன்கோவிச் சொன்ன அதே கால அளவுகள் சேற்றிலும் இருந்தன. வானத்துக் கணக்கும் கடலடிக் கணக்கும் ஒத்துப்போயின.

பருவமழைக்கும் இது பொருந்துமா? 9,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் வட பாதியில் யூலை மாதத்து வெயில் இன்றைவிட ஏறத்தாழ 7 வீதம் பலமாக இருந்தது. தரை கூடுதலாகச் சூடேற, கடற்காற்று வேகமாக உள்ளே இழுக்கப்பட்டு, தென்மேல் பருவமழை பெருகியிருக்க வேண்டும் என்று ஜோன் குட்ஸ்பாக் 1981இல் கணித்துக் காட்டினார். இன்று பாலைவனமாக உள்ள சகாரா அக்காலத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் நிறைந்திருந்தது என்பதும் இதனோடு இணங்குகிறது. நம் நாட்டிலேயே, ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் புதைந்திருந்த மகரந்தத் தூள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வும், பனியுக உச்சத்தில் அங்கே வறட்சி நிலவியதையும் பின்னர் பருவமழை பலத்ததையும் காட்டியது.

இன்னும் ஒரு செய்தி. 2014 நவம்பர் முதல் 2015 சனவரி வரை ஓர் ஆராய்ச்சிக் கப்பல் வங்காள விரிகுடாவில் துளையிட்டுச் சேறு எடுத்தது. அதிலிருந்து கடந்த 9 இலட்சம் ஆண்டுகளின் பருவமழை பற்றிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. வெயில் மட்டுமே மழையைத் தீர்மானிக்கவில்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவும், பனிக்கட்டியின் அளவும், தென் இந்து சமுத்திரத்திலிருந்து வரும் ஈரமும் பெரும் பங்கு வகித்தன என்பதே அதன் முடிவு. காபனீரொட்சைட்டு கூடிய காலங்களில் மழையும் கூடியது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குகையில் வாழ்ந்தவர்கள்

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே மனிதர் எப்படி வாழ்ந்தனர்? குருவிட்டவுக்கு அருகே உள்ள பட்டதொம்பலென குகையில் ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்துள்ளனர். தொல்பொருள் ஆய்வாளர் சிரான் தெரணியகல அங்கே அகழ்வு செய்து, நுணுக்கமாகச் செதுக்கிய சிறு கற்கருவிகளையும் மனித எலும்புகளையும் கண்டெடுத்தார். காட்டுக் கொட்டைகள், காட்டுப் பலா இனம், நத்தை, குரங்கு, அணில் என்று அவர்கள் பலவற்றையும் உண்டனர்.

இந்தக் குகையிலும் வேறு சில இடங்களிலும் கிடைத்த மனிதப் பற்களை ஆராய்ந்த ஒரு குழு 2015இல் தன் முடிவை வெளியிட்டது. அதன்படி, பனியுகத்தின் கடும் வறட்சியிலும் பின்னர் வந்த ஈரக் காலத்திலும், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்தே அவர்கள் மழைக்காட்டு உணவையே பெரிதும் சார்ந்து வாழ்ந்துள்ளனர். கடல் குளிர்ந்து சூடேறிய அத்தனை காலத்திலும் காடு அவர்களைக் காப்பாற்றியது. ஒரு உணவு குறைந்தால் இன்னொன்று இருந்தது. மாற்றம் மெதுவாக வந்தது. போவதற்கு இடமும் இருந்தது; எந்த வேலியும் அவர்களை மறிக்கவில்லை. இந்த மூன்றும் இன்று நம்மிடம் இல்லை என்பதே நம் துன்பத்தின் சுருக்கம்.

இன்றைய சூடு அந்தக் கடிகாரத்துக்குரியதா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சேறும் வானமும் தந்த கணக்கை இன்றோடு ஒப்பிடுவோம்.

முதலில் திசை. பூமி இன்று வட பாதியின் கோடையில் சூரியனுக்குத் தூரத்தில் இருக்கிறது. கடந்த பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கோடை வெயில் மெல்லத் தளர்ந்தே வந்துள்ளது. அந்தக் கடிகாரத்தில் திடீர்ச் சூட்டுக்கு இடமில்லை.

அடுத்து வேகம். பனியுகம் முடிந்தபோது வெப்ப வலயக் கடல் சுமார் 3 பாகை சூடேற ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் சென்றன. அதாவது ஒரு பாகைக்கு 3,000 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் 1951 முதல் 2015 வரையான 65 ஆண்டுகளில் மட்டும் வெப்ப வலய இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 பாகை சூடேறியுள்ளது என்று இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. ஏறத்தாழ ஐம்பது மடங்கு வேகம் இது. உங்கள் பாட்டனார் காலத்துக்கும் உங்கள் காலத்துக்கும் இடையே நடந்தது.

மூன்றாவது காற்று. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட பழைய காற்றுக் குமிழிகள், கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 180க்கும் 300க்கும் இடையிலேயே நின்றதைக் காட்டுகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த பின் அது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இன்றைய சூடு பூமியின் தள்ளாட்டத்தால் வந்ததல்ல. பெரும்பாலும் மனிதர் எரித்த எரிபொருளால் வந்தது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்வதற்கு இது ஒரு காரணம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலிலும் இந்தக் கணக்கு இடம்பெறுகிறது. பூமியின் பாதையும் சாய்வும் காலநிலையை மாற்றுவதுண்டு என்று ஏற்றுக்கொண்டே, அண்மைக்கால வெப்பத்தின் பெரும் பங்கு மனிதச் செயலால் வந்தது என்பதை அவர் எடுத்துரைத்தார். எரித்தவர் வேறு, இழந்தவர் வேறு. கொழுந்துக் கூடையும் மண்வெட்டியும் கொண்டு வாழ்ந்தவர்கள் எரித்தது மிகக் கொஞ்சம். ஆகவே இது உங்கள் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லாப் பழியும் கடலுக்கு உரியதல்ல

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17இல் அரநாயக்கவிலும் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இவற்றில் மழை ஒரு பாதி. சரிவின் கீழே குடியிருப்பு அமைந்ததும், கான்கள் தூர்ந்து கிடப்பதும், வேர் பிடித்து நின்ற மரங்களை வெட்டியதும், மலையடியை வீதிக்கும் வீட்டுக்கும் செங்குத்தாக வெட்டியதும் பல இடங்களில் மறு பாதி. "காலநிலை மாற்றம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இவற்றை ஒளித்துவிட இடம் கொடுக்கக் கூடாது. கடலைக் குளிரவைக்க நம்மால் ஆகாது. கானைத் துப்பரவாக்க ஆகும்.

நாம் செய்யக்கூடியவை

1. மழையை அளப்போம். சுவர் நேராக உள்ள ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு; 100 என்றால் புறப்படத் தயார்; 150 என்றால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 என்றால், உடனே வெளியேற வேண்டும். இவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள்.

2. புதிய காணியை ஏற்குமுன் அது மண்சரிவு அபாயமற்றது என்று அந்த நிறுவனம் வழங்கிய அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். தனியாகப் போகாமல் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டுக்கு 7 பேர்ச் காணி மட்டும் என்றால் விவசாயக் குடும்பம் எதில் பயிரிடும்? குகையில் வாழ்ந்தவரைக் காத்தது பலவகை உணவு. பலா, ஈரப்பலா, வற்றாளை, மரவள்ளி, கீரை என்று கலந்து நடுவதற்குக் கூட்டுக் காணியேனும் கேட்பது நம் நியாயமான கோரிக்கை.

4. சரிவான நிலத்தில் மேலிருந்து கீழாக வரிசை போடாமல், சரிவுக்குக் குறுக்கே வரிசை போடுங்கள். கானை ஆவணி வரை விடாமல், சித்திரையிலேயே, தென்மேல் மழைக்கு முன், எல்லோரும் சேர்ந்து துப்பரவாக்குங்கள்.

பூமி தள்ளாடுவதை எந்த அரசாங்கமும் நிறுத்த முடியாது. அதை நாம் கேட்கவும் இல்லை. மனிதர் செய்ததால் வந்த இழப்புக்கு மனிதர் ஈடு செய்யவேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம். அடுத்த முறை "எல்லாம் இயற்கை" என்று யாராவது சொன்னால், 3,000 ஆண்டு எங்கே, 65 ஆண்டு எங்கே என்று அமைதியாகக் கேளுங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பெற்றோர் காலத்தில் மழை எந்த மாதத்தில் தொடங்கியது, எப்படிப் பெய்தது? இன்று என்ன வேறுபாடு? மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

2. நீங்கள் இழந்த இடத்தில் சரிவுக்கு முன் என்னென்ன அறிகுறிகள் தென்பட்டன? யாரிடம் சொன்னீர்கள்?

3. புதிய குடியிருப்பில் உள்ள கான்கள், சரிவுகள், பாதுகாப்பான ஒன்றுகூடும் இடம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வரையுங்கள்.